இரண்டு திருகாணிகள்

நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெண்டாட்டி ஆர்டித் நம்பவில்லை, என் தம்பி கர்ட் நம்பவில்லை. நீங்களாவது கதை முடியும்வரை நம்பி வையுங்கள்.

என் பெயர் டெல்மார். டெல் என்று கூப்பிடுவார்கள். பகலெல்லாம் பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒழுகும் எண்ணெயை நெற்றியில் வாங்குவது என் பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிலவறைக்குள் இறங்கிவிட்டால் நான் வேறு ஆள். அங்கே என் பட்டறை இருக்கிறது. எட்டடி நீள மேப்பிள் மேசை, நானே இழைத்தது. மரத்தை இறுக்கிப் பிடிக்க, தாடைகளில் தோல் ஒட்டிய வைஸ். அரங்கள் ஒரு வரிசை, உளிகள் ஒரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் சுவரில் தனி ஆணி. பழைய வேட்டைத் துப்பாக்கி ஏதாவது ஒன்று எப்போதும் மேசைமேல் பிரிந்து கிடக்கும். துருவைத் துடைத்து, தோளில் வைக்கிற மரக் கட்டையை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெயை விரலால் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, மறுபடி காயவிட்டு... பதினாலு நாள். பதினைந்தாம் நாள் அந்த வால்நட் மரத்தின் ரேகைகள் உள்ளேயிருந்து எழுந்து வரும் பாருங்கள், அடடா! அதற்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு.

திருப்புளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடையில் விற்கிற திருப்புளிக்கு முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அதைத் துப்பாக்கித் திருகாணியில் வைத்துத் திருகினால் வழுக்கிக்கொண்டு போய், தலையில் உள்ள காடியின் ஓரத்தைக் கிழித்துவிடும். காடி கிழிந்த திருகாணியைக் கண்டால் எனக்குப் பல் கூசும். என்னிடம் முப்பத்திரண்டு திருப்புளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முனையும் ஒவ்வொரு காடிக்கென்று நானே தீட்டியது. யாராவது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் குழலைப் பார்ப்பதில்லை, திருகாணியைத்தான் பார்ப்பேன். அதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவேன். காசு வாங்குவதில்லை. ஒரு புட்டி ஆப்பிள் தொக்கு கொடுப்பார்கள், போதும். இதுவரை நாற்பத்தொரு துப்பாக்கி. ஒவ்வொன்றுக்கும் என் நோட்டில் ஒரு பக்கம். என்னென்ன வேலை என்று வரிசையாக எழுதி, முடிய முடிய பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே போவேன். சுற்றுவட்டாரத்தில் டெல்லின் நோட்டைப் பற்றிக் கேலி பேசாத ஆள் கிடையாது. பேசட்டும். அவர்கள் துப்பாக்கியெல்லாம் என் கையால்தானே சுடுகிறது!

நாற்பத்திரண்டாவது எங்கள் அப்பாவுடையது.

அப்பா ஹோமர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தீவனக் கடைச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: துப்பாக்கி பையன்கள் ரெண்டு பேருக்கும். வீடு, நிலம் பற்றியெல்லாம் எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. இந்தத் துப்பாக்கிக்கு வந்தது. அதை வைத்து அப்பா சுட்ட ஒவ்வொரு கொம்பு மானுக்கும் கட்டையின் அடியில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டிருந்தார். மொத்தம் இருபத்துமூன்று. இருபத்துமூன்றாவது அவருடையதில்லை. கர்ட் பதினைந்து வயதில் சுட்டது. அன்றைக்கு அப்பா கத்தியை அவன் கையில் கொடுத்து, நீயே போடுடா என்றார். கொஞ்சம் கோணலாக இருக்கும். மூத்தவன் நான். என்னுடைய வெட்டு அதில் ஒன்றுகூட இல்லை. எனக்குத் துப்பாக்கியைச் சீர்படுத்தத் தெரியும், மானைத்தான் சுடத் தெரியாது.

சவ அடக்கம் முடிந்து அப்பா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உனக்கு என்று பேச்சு முற்றியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், அது ஊருக்கே தெரியும். எழுந்து போய் வண்டியிலிருந்து என் திருப்புளியை எடுத்து வந்தேன். அடியில் உள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றினேன். குழலும் விசையுமான இரும்பு தனி, கட்டை தனி. மேசைமேல் இரண்டையும் வைத்துவிட்டு, "எது வேணும், எடுத்துக்கோ" என்றேன்.

ஐயோ, என்னடா பண்றே, பழையபடி மாட்டு, நீயே வச்சுக்கோ என்பான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவன் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. கட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு மிச்சம் இரும்பும், ஒரு கீறல்கூட விழாத இரண்டு திருகாணிகளும்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து பதினொரு மைல். அந்த இரும்புக்கு வேறு கட்டை வாங்கி மாட்டியிருக்கலாம், எத்தனையோ கிடைக்கிறது. நான் வாங்கவில்லை. மாதம் ஒரு தடவை எண்ணெய் போட்டுச் சுவரில் மாட்டி வைத்தேன். அவன் கட்டையை வீட்டுக் கூடத்தில் ஹீட்டருக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஹீட்டருக்கு மேலே! வால்நட்டை! அறிவு இருக்கிறதா அவனுக்கு?

இந்த நவம்பரில் போன் வந்தது. இருமல் சத்தம்தான் முதலில் கேட்டது. மர அறுவை ஆலையில் முப்பது வருஷம் தூளைச் சுவாசித்த நெஞ்சு அவனுடையது.

"டெல், நான்தான். ஜனவரில நான் அரிசோனா போயிடறேன். லானா முன்னாடியே போயி வீடு பாத்துட்டா. இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"சரி" என்றேன். லானா அவன் பெண்டாட்டி.

"அதான்... கடைசி மான் சீசன். அப்பா துப்பாக்கியோட ஒரு தடவை போலாமான்னு பாத்தேன். உன்கிட்ட பாதி இருக்கு."

மறுநாளே கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். வாசலில் நின்றபடியே கொடுத்தான், உள்ளே வரவில்லை. நான் இரும்பை அதில் வைத்துப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. ஒன்பது வருஷ ஹீட்டர் சூட்டில் மரம் வற்றிப்போயிருந்தது.

"இப்படியே சுட்டா மான் விழாது, பக்கத்து ஊர்ப் பசுமாடுதான் விழும்" என்றேன். "பசை போட்டு உக்கார வச்சிடறேன். விட்டுட்டுப் போ."

கர்ட் என் முகத்தையே பார்த்தான். "பண்ணு. ஆனா ஒண்ணு. சீசன் ரெண்டு வாரம். அது முடிஞ்சதும் பிரிச்சு, கட்டையை என் கையில குடுத்துடணும். அது என்கூட வருது. இப்பவே சொல்லிட்டேன்."

"குடுத்துடறேன்."

"உன் வார்த்தையா?"

"என் வார்த்தைதான்டா, போ!"

இந்த வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் மாட்டிக்கொண்டது உங்களுக்குப் புரியும். இரும்பு கட்டைக்குள் நூலளவுகூட அசையாமல் உட்கார வேண்டும். அதற்காகக் கட்டையின் பள்ளத்தில் இரண்டு குழம்பைக் கலந்த பசையைப் பூசி, இரும்பை அதில் அழுத்தி, ஒரு நாள் காயவிடுவோம். பசை இறுகி இரும்பின் அச்சை அப்படியே எடுத்துக்கொள்ளும். மறுநாள் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் டக்கென்று பிரிந்து வரும். அந்தச் சத்தம் மாதிரி சுகமான சத்தம் இந்தத் தொழிலில் வேறு கிடையாது. ஏன் பிரிந்து வருகிறது? முன்கூட்டியே இரும்பு முழுக்க மெழுகு தடவியிருப்போம், அதனால். மெழுகு தடவாவிட்டால் அது வெறும் பசை. பசை தன் வேலையைச் செய்துவிடும். இந்தக் கிறுக்கு உள்ளவர்கள் நாலு பேர் கூடினால் பேசிச் சிரிப்பதே இதைத்தான்: மெழுகை மறந்த மடையன் எவன் என்று. நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பசை போட்டேன். புதன்கிழமை வேலை முடிந்து வந்து, கையைக் கழுவி, ரப்பர் சுத்தியலால் தட்டினேன்.

சத்தம் வரவில்லை. மொத்தென்று ஒரு அடி, பாறையைத் தட்டுவது மாதிரி.

திருகாணிகளைக் கழற்றினேன். அவற்றுக்கு மட்டும் மெழுகு தடவியிருந்தேன் போலிருக்கிறது, வெண்ணெய் மாதிரி சுழன்று வந்தன. மறுபடி தட்டினேன். குழலின் நுனியைப் பிடித்து உலுக்கினேன். அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். மெழுகு டப்பா இருந்தது. புதுசு. மூடியைச் சுற்றிச் சிவப்பு முத்திரை நாடா அப்படியே இருந்தது. இரும்பில் மெழுகே படவில்லை.

குளிரில் இரும்பு சுருங்கி விட்டுக்கொடுக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. மான்கறிப் பொட்டலங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நிலவறை மூலையில் இருந்த பெரிய ஃப்ரீசருக்குள் துப்பாக்கியைக் குறுக்காகப் படுக்க வைத்து மூடினேன். மறுநாள் தாங்க்ஸ்கிவிங் விருந்து. காலையில் சோளம் எடுக்க வந்த ஆர்டித் ஃப்ரீசரைத் திறந்தாள்.

"டெல்!"

ஓடினேன்.

"இது என்ன, செத்துப்போச்சா? எதுக்கு இதை என் வான்கோழி இருந்த எடத்துல படுக்க வச்சிருக்கே?"

சொன்னேன். அவள் சோளப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஃப்ரீசரை மூடினாள்.

"கர்ட் பதினோரு மணிக்குச் சாப்பிட வரான். ஒம்பது வருஷத்துல முதல் தடவை. தெரியுமில்ல?"

"தெரியும்."

"வந்ததும் சொல்லிடு. வாசல்லயே சொல்லிடு. நீ மூடி மறைச்சா கெடுத்துடுவே."

"அதுக்குள்ள பிரிச்சிடுவேன்."

"நீ மறந்தியா, டெல்? நெஜமாவா?"

"பின்ன வேணும்னா செஞ்சேன்?" என்று கத்தினேன். அவள் மேலே போய்விட்டாள். ஃப்ரீசரிலிருந்து எடுத்துத் தட்டினேன். கை விறைத்ததுதான் மிச்சம்.

இனி இருந்தது இரண்டே வழி. பசை உருகுகிற அளவுக்குச் சூடு காட்டலாம். அந்தச் சூட்டில் கட்டை கருகும், இரும்பும் கெடும். இல்லையென்றால் கட்டையை அறுத்து எடுக்கலாம். அறுத்தால் இருபத்துமூன்று வெட்டுகளின் நடுவே ரம்பம் போகும். எப்படிப் பார்த்தாலும் கர்ட்டின் கையில் முழுக் கட்டையாகக் கொடுக்க வழியில்லை. இந்தத் தடவை வார்த்தை தவறினால் அவன் அரிசோனாவுக்குப் போவது வெறும் இடம் மாறுவதாக இருக்காது. எனக்குத் தம்பி இல்லை என்று ஆகிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் மேசைமேல் துப்பாக்கியை வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினேன். அவ்வளவு வீரம்!

பதினொரு மணிக்கு, மேலே வாசல் கதவு திறந்தது. இருமல். ஆர்டித்தின் குரல், நாற்காலி இழுபடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் நிலவறைப் படியில் கனத்த காலடிகள். கர்ட் நாலாவது படியில் உட்கார்ந்தான். மடியில் தட்டு, அதில் மான் தொத்திறைச்சியும் சீஸும். அவன் ஆள் வாட்டசாட்டம். உட்கார்ந்தால் படிக்கட்டில் பூனைகூடப் போக முடியாது. நிலவறைக்கு வெளிப்பக்கமாக ஒரு கதவு உண்டு. அதன்மேல் அக்டோபரில் நானே விறகை அடுக்கிவிட்டேன், குளிர்காலம் முழுதுக்குமான விறகு. மேலே ஒரு சின்ன ஜன்னல். அதில் என் ஒரு கால் போகும்.

"ஆர்டித் ஒரு மாதிரி இருக்கா" என்றான். "சண்டையா?"

"வான்கோழி கவலை."

"சரி, எடு. பிரிக்கற சத்தம் கேக்கணும்னுதான் சீக்கிரமா வந்தேன். டக்குனு கேக்குமாமே?"

"இன்னும் காயல."

"செவ்வாக்கெழமையே போட்டுட்டேன்னு சொன்னே."

"குளிர்ல லேட்டாகும்டா."

"இங்கயா குளிர்? எனக்கு வேர்க்குது."

எனக்கும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. "இத பாத்தியா?" என்று சுவரிலிருந்து ஒரு உளியை எடுத்துக் காட்டினேன். வாயைக் கொடுத்தால் நேரம் போகும் என்று நினைத்தேன். உளி முடிந்து அரம், அரம் முடிந்து முறுக்கு அளந்து திருகுகிற திருப்புளி. இத்தனை வருஷமாக யாராவது வந்து இதையெல்லாம் பார்க்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். இன்றைக்குத் தம்பியே வந்து உட்கார்ந்து கேட்கிறான். நான் சொல்கிற ஒவ்வொன்றும் எனக்கே வேப்பங்காயாகக் கசந்தது.

ஆனால் அவன் ரசித்தான். அதுதான் கொடுமை. தட்டைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்து, மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்தான். சுவரில் இருந்த ஜப்பான் ரம்பத்தை எடுத்துப் பல்லைக் கட்டைவிரலால் வருடினான். அறுவை ஆலைக்காரன் அல்லவா, பல்லை அப்படித்தான் பார்ப்பான்.

"நல்ல ரம்பம்டா, தூளே பறக்காது. எங்க ஆலையில இப்படி ஒண்ணு இருந்திருந்தா என் நெஞ்சு இன்னும் பத்து வருஷம் தாங்கியிருக்கும்."

"எடுத்துக்கோ" என்றேன். வாயில் வந்துவிட்டது. "அரிசோனாவுக்குக் கொண்டு போ."

"அங்க எதை அறுக்கறது, கள்ளிச் செடியையா?" சிரித்தான், சிரிப்பு இருமலாகிப் போனது. இருமிக்கொண்டே அலமாரியைப் பிடித்து நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவன் முகத்துக்கு நேரே மெழுகு டப்பா இருந்தது.

எடுத்துப் பார்த்தான். திருப்பினான். மூடியில் எழுதியிருந்ததை மெதுவாகப் படித்தான். "'பசை இடும் முன் இரும்பில் தடவவும்.' இது புதுசாட்டம் இருக்கே, டெல். நாடாகூட கிழிக்கல."

"பழைய டப்பா இருந்தது. அதுல தடவினேன்."

"பழசு எங்க?"

"தீந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

அவன் தலையாட்டினான். மேசை ஓரத்தில் இருந்த நோட்டை இழுத்தான். நாற்பத்திரண்டாம் பக்கம். "'அப்பா' ன்னு எழுதியிருக்கே" என்றான், குரல் கொஞ்சம் இளகியது. விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினான். "பள்ளம் சுத்தம், டிக். துளைக்குக் களிமண் அடைப்பு, டிக். மெழுகு, டிக்." நோட்டை மூடினான். "சரி, டிக் போட்டிருக்கே. அப்பப் பிரி."

"கர்ட்..."

"பிரிடா. எனக்கு அந்தச் சத்தம் கேக்கணும்."

அவனே துணியை விலக்கினான். ரப்பர் சுத்தியலை எடுத்து என் கையில் வைத்தான். நான் தட்டினேன். மொத். இன்னொரு தடவை தட்டினேன். அவன் கைதூக்கி நிறுத்தச் சொன்னான். முப்பது வருஷம் மரத்தோடு வாழ்ந்தவனுக்கு அந்தச் சத்தம் போதும்.

"மறந்துட்டேன்" என்றேன்.

"மறந்துட்டே."

"ஆமா."

"நாப்பத்தோரு துப்பாக்கி. ஒண்ணுலயாவது மறந்திருக்கியா?"

"இல்ல."

"திருகாணில தடவியிருக்கே. வெளிய வந்திருக்கு."

"அது பழக்கதோஷம்..."

"டிக் எப்படா போட்டே?"

தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பழைய டப்பாவில் ஒட்டியிருந்த கடைசி மெழுகை வழித்துத் திருகாணிகளில் தடவினேன், அது ஞாபகம் இருக்கிறது. புது டப்பாவைக் கையில் எடுத்தேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது. நாடாவைக் கிழிக்கும் முன் கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். விரல் அந்தக் கோணல் வெட்டின்மேல் போனது. இரும்பும் கட்டையும் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அப்புறம் நான் பசையைக் கலந்துகொண்டிருக்கிறேன். நடுவில் இருந்த நேரம் என்னிடம் இல்லை. கர்ட்டிடம் இதையெல்லாம் சொன்னேன், திக்கித் திணறிச் சொன்னேன். என் முகத்தில் ஈயாடியிருக்காது.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்த வழி அதுதான். அவன் ரம்பத்தை எடுத்து வந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தான். நேராக, ஓரம் ஒட்டி, நான் அன்றைக்குச் சமையலறை மேசையில் வைத்த மாதிரியே.

"எது வேணும், எடுத்துக்கோ" என்றான். "ரம்பத்தை எடுத்தா, அறுத்து என் கட்டையை என்கிட்ட குடு. எத்தனை துண்டா வந்தாலும் சரி, வாங்கிக்கறேன். உன் வார்த்தை காப்பாத்தின மாதிரி ஆச்சு. இரும்பு உனக்கு. இல்லேன்னா ரம்பத்தை அப்படியே விடு. முழுசா நான் எடுத்துட்டுப் போறேன். கட்டை என்னுது. இரும்பு ஒட்டிக்கிட்டு வந்தா அதுக்கு நான் என்ன பண்றது?"

"இரும்பு என்னுதுடா!"

"அப்ப அறு."

மேலே ஆர்டித் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. கர்ட் திரும்பிப் போய் நாலாவது படியில் உட்கார்ந்துகொண்டான். முழங்காலில் கையை ஊன்றி மூச்சை இழுத்து இழுத்து விட்டான். வழி அடைத்தது அடைத்தபடி இருந்தது.

ரம்பத்தை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எடுத்தேன். துப்பாக்கியைத் திருப்பி வைஸில் மாட்டினேன். எங்கே வெட்டினால் சேதம் குறைவு என்று கண் தானாகக் கணக்குப் போட்டது. பென்சிலால் ஒரு கோடுகூடப் போட்டுவிட்டேன். கோடு பத்தொன்பதாவது வெட்டுக்கும் இருபதாவதுக்கும் நடுவே போனது. ரம்பத்தின் பல்லை அதில் வைத்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று அப்போது புரிந்தது. இரும்பு இல்லை. அது ஒரு நாளும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு அந்த இருபத்துமூன்று வெட்டுகள்தான் வேண்டியிருந்தன. அதில் இருபத்துநாலாவதாக ஒன்று வேண்டியிருந்தது. அப்பா கத்தியை என் கையிலும் ஒரு தடவை கொடுத்திருக்கலாம்.

ரம்பத்தை அதன் ஆணியில் மாட்டினேன்.

"எடுத்துட்டுப் போ" என்றேன்.

"என்ன?"

"முழுசா எடுத்துட்டுப் போ. உனக்குத்தான் அது. அறுக்க முடியாது என்னால."

கர்ட் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து வந்தான். வைஸின் பிடியைத் தளர்த்தி, துப்பாக்கியைக் கையில் ஏந்திப் பார்த்தான். பென்சில் கோட்டை எச்சில் தொட்டு விரலால் அழித்தான்.

"அன்னைக்கு இந்த ஒரு வார்த்தையை நீ சொல்லியிருந்தா, நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா?" என்றான். "'நீயே வச்சுக்கோடா'ன்னு சொல்லியிருப்பேன். அதை நெனச்சுக்கிட்டுத்தான் அந்த வீட்டுக்குள்ளயே வந்தேன். நீதான் மூத்தவன், உனக்குத்தான் துப்பாக்கின்னா உசுருன்னு எனக்குத் தெரியாதா? நீ போயித் திருப்புளிய எடுத்துட்டு வந்தே."

"இப்பச் சொல்லேன்" என்றேன். வெட்கம் கெட்டுப்போய்க் கேட்டேன்.

"இப்ப முடியாது, டெல். பசையைப் போட்டுட்டுச் சொல்றே."

துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியை நோக்கி நடந்தவன் நின்றான். மேசை மூலையில், மடித்த வெல்வெட் துணியின்மேல், அந்த இரண்டு திருகாணிகளும் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"இது இனிமே வேணாமில்ல? அதான் ஒட்டிக்கிச்சே."

"வேணாம்" என்றேன்.

அவன் என் உள்ளங்கையை விரித்து இரண்டையும் அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டான். "அப்பா ரெண்டு பேருக்கும்னுதானே எழுதினாரு. உன் பங்கு."

கிண்டலா, நிஜமா என்று அவன் முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் படியேறினான். மூன்று படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினான். மேலே ஆர்டித், "கடவுளே, அதை ஏன் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வரே, கர்ட்? அந்த மூலையில வை" என்பது கேட்டது. அவன் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

"டெல்!" என்று அவன்தான் கூப்பிட்டான். "வரியா இல்லையா? உருளைக்கிழங்கு ஆறுது!"

படிக்கட்டில் இப்போது யாரும் இல்லை. பன்னிரண்டு படி ஏறினால் வான்கோழி, வெளிச்சம், தம்பி. எனக்குக் கால் எழவில்லை. சுவரில் முப்பத்திரண்டு திருப்புளிகளும் வரிசையாகத் தொங்கின. இரும்பை மாட்டி வைத்திருந்த கொக்கி மட்டும் காலியாக இருந்தது. கையைத் திறந்து விளக்கடியில் நீட்டினேன். எத்தனை தடவை திருகியிருப்பேன் அந்த இரண்டையும். காடி இரண்டும் புத்தம் புதுசு மாதிரி இருந்தன, ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.